எதிர்மலையில் ஏறிப் பாருங்கள்

வாசகர் கேள்வி - பதில்

(சுவிஸ் நாட்டின் பேர்ண் மாநிலத்தில் உள்ள மலைக்கிராமம் கிரிண்டெல்வால்ட். அங்கே ஒரு விடுதியில் நெடுங்காலமாகச் சமையல் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், ஊரைச் சுற்றியுள்ள மலைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கே: கிரிண்டெல்வால்டில் ரயிலை விட்டு இறங்கியதுமே ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாகத் தெரியுமாமே?

ப: மூன்றில் ஒன்றுதான் தெரியும். தெருவில் நின்று யுங்ஃப்ராவ் எங்கே என்று கேட்பவர்களுக்குக் கை காட்டிக் காட்டி எங்கள் வரவேற்பு மேசைப் பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். கிராமம் 1,034 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுத்தெருவில் தெற்கே பார்த்து நில்லுங்கள். இடது கைப்பக்கம், கிழக்கே, வெட்டர்ஹோர்ன், 3,692 மீட்டர். அதற்கு அடுத்துத் தடித்த தோள் மாதிரி நிற்பது மெட்டன்பெர்க், 3,104 மீட்டர். வலது பக்கம் ஐகர், 3,967 மீட்டர். மெட்டன்பெர்க்குக்கும் ஐகருக்கும் நடுவில் உள்ள வெட்டு வழியாகப் பார்த்தால் வெகு பின்னால் ஃபீஷர்ஹோர்ன் சிகரங்களின் பனிச்சுவர் தெரியும்.

மோன்ச்சும் யுங்ஃப்ராவும் ஐகருக்கு நேர் பின்னால் இருக்கின்றன. இரண்டும் 4,100 மீட்டரைத் தாண்டியவை, ஐகரைவிட உயரமானவை. ஆனால் ஐகர் நமக்கு மிகக் கிட்ட நிற்பதால் இரண்டையும் முழுக்க மறைத்துவிடுகிறது. மூன்றையும் ஒன்றாகப் பார்க்க மென்லிஷன் மலைக்கோ கிளைன ஷைடெக் கணவாய்க்கோ ஏற வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கமாகத் தொலைவுக்குப் போகலாம். வானம் தெளிந்த நாளில் பேர்ண் நகரத்தில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள மேல்தளத்தில் நின்றாலே மூன்றும் தெரியும். அதற்குக் காசும் இல்லை.

கே: எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். யுங்ஃப்ராவ்யோக் போவதா, வேறு எங்காவது போவதா? எல்லாரும் "அங்கே போகாமல் வந்தால் சுவிஸ் போனதே வீண்" என்கிறார்கள்.

ப: எதைப் பார்க்க வருகிறீர்கள்? அதை முதலில் வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

பனியைத் தொட வேண்டும், பனியாற்றைப் பார்க்க வேண்டும் என்றால் யுங்ஃப்ராவ்யோக்தான். மோன்ச்சுக்கும் யுங்ஃப்ராவுக்கும் நடுவில் உள்ள கணவாய் அது, ரயில் நிலையமே 3,454 மீட்டரில் இருக்கிறது. அங்கே தெற்கே பார்த்தால் அலெட்ச் பனியாறு தொடங்கி, வளைந்து, கண்ணுக்கு எட்டாத தூரம் வரை போகிறது. 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆல்ப்ஸில் அதைவிட நீளமானது இல்லை. சலுகை அட்டை எதுவும் இல்லாமல் கோடையில் போய்வர ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும். அலெட்ச் தெரிகிற நாளில் அந்தக் காசு தகும். மேகம் மூடிய நாளில் நீங்கள் பார்ப்பது கண்ணாடிக்கு வெளியே ஒரு வெள்ளைத் துணி, உள்ளே கடைகள். மேலே என்ன நிலைமை என்று நேரலைக் கமெரா காட்டிக்கொண்டே இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லியும் மேகத்துக்குள் போய்விட்டு வந்து எங்கள் சூப்பில் குறை கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

மலையைப் பார்க்க வேண்டும் என்றால் என் கட்சி வேறு. ஏறி நின்ற மலை கண்ணுக்குத் தெரியாது. யுங்ஃப்ராவ்யோக்கில் நிற்கும்போது ஐகர் மோன்ச்சுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். அவ்வளவு பெயர் பெற்ற வடமுகத்தை அங்கிருந்து பார்க்கவே முடியாது. அதற்கு எதிர்மலையில் ஏற வேண்டும். கிராமத்துக்கு வடக்கே ஃபிர்ஸ்ட், மேற்கே மென்லிஷன். இரண்டுக்கும் கேபிள் கார் உண்டு, செலவும் மிகக் குறைவு. ஃபிர்ஸ்டில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் 2,265 மீட்டரில் பாக்ஆல்ப் ஏரி. அங்கே நின்றால்தான் கிராமத்தில் தெரியாத ஷ்ரெக்ஹோர்ன், அதற்குப் பின்னால் 4,274 மீட்டர் ஃபின்ஸ்டெரார்ஹோர்ன் எல்லாம் வெளியே வரும். பேர்ண் பக்கத்து ஆல்ப்ஸில் இதுதான் உயரம் கூடியது. வெள்ளென போனால் காற்று எழும்பியிருக்காது, அத்தனையும் தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கும். பத்து மணிக்கு மேல் காற்றும் வரும், ஆட்களும் வருவார்கள்.

கே: 4,000 மீட்டரைக்கூடத் தொடாத ஐகருக்கு ஏன் இத்தனை பேர்?

ப: 33 மீட்டர் குறைகிறது, உண்மைதான். 1858 ஆகஸ்ட் 11 அன்று அயர்லாந்துக்காரர் சார்ல்ஸ் பாரிங்டன், எங்கள் ஊர் வழிகாட்டிகள் கிறிஸ்டியான் அல்மர், பீட்டர் போரன் இருவருடன் மேற்குச் சரிவு வழியாக முதல் முதலில் உச்சிக்குப் போனார். அவருக்கு ஆசை மேட்டர்ஹோர்ன் மேல்தான். அதன் அடிவாரத்து ஊரான ஸெர்மாட் வரை போகக் கையில் காசு போதாததால் ஐகரோடு நின்றார்.

பெயர் வந்தது உச்சியால் இல்லை, வடமுகத்தால். புல்வெளி முடிகிற இடத்திலிருந்து உச்சி வரை கிட்டத்தட்ட 1,800 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை. வெயில் குறைவு. பாறை உதிரும் குணம் உள்ளது, பனிதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பனி இளகினால் கல் விழும். அதனாலேயே இப்போது தேர்ந்த ஏறுநர்கள் கோடையை விட்டுவிட்டுக் குளிர்ந்த மாதங்களில் வருகிறார்கள். 1935க்குப் பிறகு 60 பேருக்கு மேல் அந்தச் சுவரில் இறந்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணம், அந்தச் சுவர் முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருப்பது. உலகத்தில் எத்தனையோ கொடிய சுவர்கள் யாரும் பார்க்காத பள்ளத்தாக்குகளில் நிற்கின்றன. இதற்குக் கீழே ரயில் நிலையம், விடுதி, தொலைநோக்கி. 1936 ஜூலையில் ஜெர்மானியர் இருவரும் ஆஸ்திரியர் இருவருமாக நான்கு பேர் ஏறித் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டதைக் கிளைன ஷைடெக்கில் நின்றவர்கள் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைக்குள் போகும் ரயில் சுரங்கத்தில் சுவரின் வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஒன்று உண்டு. பாதைக் காவலர் அதைத் திறந்து கூப்பிட்டார். மேலேயிருந்து பதில் குரல் வந்தது. இறங்கி வரப்போகிறார்கள் என்று உள்ளே போய்த் தேநீர் வைத்தார். யாரும் வரவில்லை. மறுபடி போய்க் கூப்பிட்டபோது உயிரோடு இருந்தது டோனி குர்ட்ஸ் ஒருவர்தான். இரவு முழுவதும் கயிற்றில் தொங்கி, அடுத்த நாள் மீட்புக்காரர்களுக்குச் சில மீட்டர் மேலே வரை இறங்கி வந்தார். இரண்டு கயிறுகளைச் சேர்த்துப் போட்ட முடிச்சு வளையத்துக்குள் நுழையாமல் நின்றுவிட்டது. விறைத்த கையால் அதை நகர்த்த அவருக்கு முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து 1938 ஜூலை 24 அன்று ஹெக்மயர், ஃபோர்க், ஹாரர், காஸ்பாரெக் என்ற நால்வர் அந்தச் சுவரை ஏறி முடித்தார்கள். 2015இல் ஊலி ஷ்டெக் என்ற சுவிஸ்காரர் தனியாக 2 மணி 22 நிமிடத்தில் ஏறினார். எங்கள் சமையலறையில் மதியச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் செய்யவே அதைவிடக் கூடுதல் நேரம் போகும்.

இரவில் பாத்திரம் கழுவி முடித்துப் பின்கதவால் வெளியே வந்தால் சில நாட்களில் அந்தக் கறுப்பில் ஊசிமுனை அளவு வெளிச்சம் ஒன்று தெரியும். யாரோ தலைவிளக்கோடு பாறையில் ஒண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு எங்களில் ஒருவரும் உடனே வீட்டுக்குப் போக மாட்டோம், கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்போம்.

கே: நீங்கள் ஐகரில் ஏறியிருக்கிறீர்களா?

ப: இல்லை. மலையே இல்லாத ஊரில் பிறந்தவன் நான். ஏறத் தெரிந்தவர்களுக்குச் சமைத்துப் போடுவதோடு என் பங்கு முடிந்தது.

கே: மலைக்குள் ரயில் விட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? அந்தக் காலத்தில் எப்படித் தோண்டினார்கள்?

ப: அடோல்ஃப் குயெர்-ஸெல்லர் என்ற சூரிச் தொழிலதிபருக்கு. 1896இல் வேலை தொடங்கியது. 7 வருடத்தில் முடியும் என்று கணக்கு, 16 வருடம் இழுத்தது. அவர் 1899இலேயே இறந்துவிட்டார். 1912 ஆகஸ்ட் 1, சுவிஸ் தேசிய நாள், முதல் ரயில் யுங்ஃப்ராவ்யோக் போய்ச் சேர்ந்தது. கிளைன ஷைடெக்கிலிருந்து 9 கிலோமீட்டர் சொச்சம், அதில் 7க்கும் மேல் ஐகர், மோன்ச் வயிற்றுக்குள். பல்சக்கரத் தண்டவாளம், தொடக்கத்திலிருந்தே மின்சாரம். முன்பு ஐகர் வடமுகத்தின் நடுவில் நிறுத்திக் கண்ணாடி வழியாகக் கீழே பார்க்க விடுவார்கள். 2016 கடைசியோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மறுபக்கத்தில் ஐஸ்மேர் நிலையத்தில் மட்டும் சில நிமிடம் நிற்கும். அந்த நிறுத்தத்தை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. போகிற அவசரத்தில் எல்லாரும் கடைக்குத்தான் போகிறார்கள்.

கே: ஐகரில் ஒரு துளை இருக்கிறதாமே?

ப: இருக்கிறது. கிழக்கு முகட்டில். மார்ட்டின் துளை என்பார்கள். ஊர்க்கதை இப்படி: ஐகரும் மெட்டன்பெர்க்கும் முன்பு நெருக்கமாக ஒட்டி நின்றன, பின்னால் ஏரி ஒன்று தேங்கி நின்று அடிக்கடி கிராமத்தை அழித்தது. மார்ட்டின் என்ற புனிதர் மெட்டன்பெர்க்கில் முதுகைக் கொடுத்து, கைத்தடியை ஐகரில் ஊன்றி, இரண்டையும் தள்ளி விலக்கினார். தடி குத்திய இடம்தான் துளை, அவர் சாய்ந்த தடம் மெட்டன்பெர்க்கில் பள்ளமாக இருக்கிறது. குளிர்காலத்தில் ஓரிரு நாட்கள் சூரியன் ஐகருக்குப் பின்னால் தாழ்வாகப் போகும்போது அந்தத் துளை வழியாக ஒரு கீற்று வெயில் கிராமத்தில் விழும். கமெராவோடு காத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு மேகம்.

கே: பனியாறு ஒரு காலத்தில் கிராமம் வரை வந்ததாம். இப்போது போனால் பார்க்கலாமா?

ப: 1850களில் கீழ்ப் பனியாற்றின் நுனி பள்ளத்தாக்கின் தரைக்கே வந்து நின்றது. மாட்டுக்குப் புல் வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் பனிச்சுவர். வெளிநாட்டார் இந்த ஊருக்கு வரத் தொடங்கியதே அதைப் பார்க்கத்தான். பின்னாளில் அதிலிருந்து பனிக்கட்டி வெட்டிப் பாரிஸ் வரை அனுப்பி வியாபாரம் செய்திருக்கிறார்கள். இன்று அதே இடத்தில் பனி இல்லை, அது அறுத்த பாறை இடுக்கு மட்டும் இருக்கிறது. காசு கொடுத்து உள்ளே நடக்கலாம், பார்க்க வேண்டிய இடம். பனியாறு எங்கோ மேலே, மண்ணும் கல்லும் மூடி, உள்ளே ஒடுங்கிவிட்டது.

பனி போனதால் அழகு மட்டும் குறையவில்லை, பக்கத்துச் சரிவுகளுக்கு முட்டுக் கொடுத்ததும் போனது. 2005இல் பனியாற்றின் ஓரமாக இருந்த ஷ்டீரெக் மலைச்சாப்பாட்டு வீட்டுக்குக் கீழே மண் சரிந்து, வீடு விளிம்பில் தொங்கிக்கொண்டு நின்றது, கைவிட வேண்டி வந்தது. அடுத்த வருடம் 2006 ஜூலையில் ஐகரின் கிழக்குப் பக்கத்திலிருந்து 5 லட்சம் கனமீட்டருக்கும் மேற்பட்ட பாறை பிரிந்து விழுந்தது. ஊரெல்லாம் சாம்பல் நிறத் தூசி. அப்புறம் உருகிய நீர் பனியாற்றின் மேல் ஏரியாகத் தேங்கி, உடைந்து வந்துவிடுமோ என்று பயம் பிடித்து, 2 கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டித் தண்ணீரை வெளியேற்ற வழி செய்தார்கள். புனித மார்ட்டின் கதையை நம்பாத பொறியியலாளர்கள் அதே வேலையைத்தான் செய்தார்கள்.

கே: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறாமல் நடக்க ஒரு வழி சொல்லுங்கள் அண்ணா.

ப: மென்லிஷனுக்குக் கேபிள் காரில் போய், அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை நடத்துங்கள் தங்கச்சி. பாதை அகலம், மெதுவான இறக்கம், ஒன்றரை மணி நேரம் என்று பலகை சொல்லும். அம்மாவுக்கு இரண்டரை வையுங்கள். நடக்க நடக்க ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் மூன்றும் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருக்கும். முடிவில் ரயில் ஏறிக் கீழே வரலாம். மறுபுறமாகத் தொடங்கிவிடாதீர்கள். ஏற்றமும் கூடும், மலைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இன்னொன்று, இங்கே மஞ்சள் பலகைகளில் எழுதியிருப்பது தூரம் இல்லை, நடக்கும் நேரம். அதில் இளைப்பாறுகிற நேரம் சேராது. மஞ்சள் குறி மட்டும் உள்ள பாதையில் அம்மாவைக் கூட்டிப் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி மலைப்பாதை. வெள்ளை-நீல-வெள்ளை கண்டால் நீங்களும் திரும்பி வந்துவிடுங்கள்.

கே: உயரத்தில் மூச்சு வாங்குமா?

ப: 3,454 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். படிகளில் ஓடாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அடுத்த ரயிலில் இறங்கிவிட வேண்டும், படம் எடுத்தது போதும்.

கே: மலையைப் பார்த்தே அடுத்த நாள் வானிலையைச் சொல்வார்களாமே?

ப: அடுத்த நாளை வானிலை நிலையம் சொல்லட்டும். எங்கள் தலைமைச் சமையல்காரர் காலை பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து ஐகரின் இடுப்பைப் பார்ப்பார். அங்கே மேகப் பட்டை கட்டி, அது மேலே ஏறிக்கொண்டிருந்தால் மதியம் ஆட்கள் நடைப்பயணத்தை விட்டுவிட்டு ஈர உடுப்போடு வந்து இறங்குவார்கள், சூப் கூட்டி வைக்க வேண்டும். மேகம் இல்லாவிட்டால் சாலட் கூட்டி வைக்க வேண்டும்.

எல்லாருக்கும் பயம் ‘ஃபோன்’ (Föhn) என்ற மலைக்காற்றுதான். தெற்கேயிருந்து மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி உலர்ந்து வரும். அந்த நாட்களில் மலைகள் கை நீட்டினால் தொடலாம் போலக் கிட்ட வந்து நிற்கும், ஒவ்வொரு பாறையும் எண்ணலாம். புதிதாக வந்தவர்கள் "என்ன அருமையான நாள்" என்பார்கள். ஊர்க்காரர்கள் அடுப்பைப் பார்ப்பார்கள். 1892 ஆகஸ்டில் அந்தக் காற்றில் தீப்பிடித்து, மரவீடுகள் நிறைந்த கிராமத்தில் பெரும்பகுதி எரிந்தது.

கே: உங்களுக்குப் பிடித்த மலை எது? ஐகர்தானே?

ப: வெட்டர்ஹோர்ன். ஐகரைப் பார்த்தால் நமக்கு ஏதோ குற்றம் செய்த உணர்வு வரும். வெட்டர்ஹோர்ன் அப்படி இல்லை. கோடைப் பின்னேரங்களில் கிராமம் முழுக்க நிழலான பிறகும் மேற்கு வெயில் அதன் உச்சியில்தான் கடைசியாக நிற்கும். சூரியன் தாழ்ந்தால் வெளிச்சம் நிறையக் காற்றைக் கடந்து வர வேண்டும், வழியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சும், பாறை அந்த நிறத்தில் எரியும்.

கதைகளும் அதற்குத்தான் நிறைய. 1854இல் அல்ஃப்ரெட் வில்ஸ் என்ற ஆங்கிலேயர் வெளியூர் வழிகாட்டிகளோடு, உச்சியில் நட இரும்புக் கொடி ஒன்றும் தூக்கிக்கொண்டு போனார். நம் ஊர்ப் பையன்கள் இருவருக்குப் பொறுக்கவில்லை. அதில் ஒருவர், நான்கு வருடம் கழித்து ஐகர் ஏறிய அதே அல்மர். காட்டில் ஒரு தேவதாரு மரத்தை வெட்டி முதுகில் கட்டிக்கொண்டு, இவர்களை முந்தி உச்சியில் நட்டுவிட வேண்டும் என்று பனியில் ஓட்டம். நடுவழியில் சத்தம் போட்டு, பேச்சு நடத்தி, கடைசியில் சமாதானம். வில்ஸின் வழிகாட்டி ஒரு சாக்லேட் கட்டியை எடுத்துக் கொடுத்தார். கொடியும் மரமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. 1896இல், கல்யாணமாகி ஐம்பது வருடம் நிறைந்தபோது, எழுபது வயது அல்மர் மனைவி மார்கரீத்தாவைக் கூட்டிக்கொண்டு அதே மலையில் ஏறினார். விருந்து வைக்கவில்லையா என்று யாரும் கேட்டிருப்பார்களோ தெரியாது.

அந்த மலையின் அடியில் 1908இல் பயணிகளுக்கான சுவிஸின் முதல் கேபிள் காரும் ஓடியது. முதலாம் உலகப் போர் வந்து வெளிநாட்டார் நின்றதும் மூடிவிட்டார்கள்.

கே: நவம்பரில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. வரலாமா?

ப: யுங்ஃப்ராவ்யோக் ரயில் வருடம் முழுக்க ஓடும், அதற்கு வரலாம். மற்றக் கேபிள் கார்களில் பல அந்த மாதம் பராமரிப்புக்காக நிற்கும். நான் சொன்ன எதிர்மலைகள் இரண்டுமே அதில் அடங்கும். விடுதிகளிலும் பாதி பூட்டியிருக்கும், எங்கள் சமையலறை உட்பட. செப்டம்பர் கடைசி வாரங்களில் வர முடியுமா பாருங்கள். மாடுகள் மேல்மேய்ச்சலிலிருந்து இறங்கியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், வானம் பெரும்பாலும் தெளிவு. ஜாக்கெட் மட்டும் மறக்காதீர்கள். காலையில் ஃபிர்ஸ்டில் சுழியம் பாகைக்குக் கிட்டப் போகும்.